புதுமைக் கவியும் அடிமைத் தீவும்

இலக்கியத்தில் புதுவழி தேடுவோரைப் பற்றி அரசியல் ஊழியர்களிடையே ஓர் அலட்சிய மனப்பான்மை நெடுங்காலமாக இருந்துவருகிறது. எளிதில் பொருள் விளங்காத கவிதை, இலக்கண வரம்பை மீறிய வசனம், கனவையும் பிதற்றலையும் கலையென்று கொண்டாடும் போக்கு ஆகியவை வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்றும், ஜனங்கள் விலங்கு பூண்டு கிடக்கும்போது அவை வேண்டாத ஆடம்பரம் என்றும் அவர்கள் கருதுகிறார்கள். மறுபுறத்தில் புதுமை எழுத்தாளர்களோ, அரசியல் என்பது கூட்டமும் கோஷமும் நிறைந்த சந்தை என்றும், அதன் வாடை பட்டாலே கலை கெட்டுவிடும் என்றும் எண்ணி ஒதுங்கிக்கொள்கிறார்கள். இரு கட்சியாரின் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. முழு உண்மை இரண்டிலும் இல்லை. இதற்குச் சரித்திரம் தரும் சிறந்த சாட்சியம், கரிபியக் கடலிலுள்ள மார்த்தினீக் என்னும் சிறு தீவிலிருந்து கிடைக்கிறது.

மார்த்தினீக் சுமார் 1,100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. 1635-ஆம் வருஷத்தில் அது பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை விலைக்கு வாங்கிக் கொணர்ந்து உழைப்பித்தார்கள். 1848-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு நஷ்டஈடு வழங்கிய பிரெஞ்சு சர்க்கார், தலைமுறை தலைமுறையாய் உழைத்தவர்களுக்கு ஒரு காணி நிலமும் வழங்கவில்லை. விடுதலை பெற்றவர்கள் பழைய தோட்டத்துக்குத் திரும்பத் தயங்கவே, முதலாளிகளின் பார்வை இந்தியாவை நோக்கித் திரும்பியது. 1853 முதல் சுமார் முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 25,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவில் இறக்கப்பட்டார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள் அவர்களில் மிகப் பலர். தீவின் வடபாகத்தில் பாஸ்-புவாந்த் என்னும் ஊரைச் சுற்றி அவர்களுடைய சந்ததியார் இன்றும் வாழ்கிறார்கள். அவர்கள் எழுப்பிய கோயிலும் அங்கே இருக்கிறது. அதே பாஸ்-புவாந்தில் 1913-ஆம் வருஷம் ஒரு கறுப்பர் குடும்பத்தில் பிறந்தவரே எமே செசேர். ஆகவே நாம் சொல்லப்போவது தமிழனுக்கு முற்றிலும் அந்நியமான கதை அல்ல.

பாரிஸில் நடந்தது

முதலாவது உலக யுத்தம் முடிந்தபோது ஐரோப்பிய வாலிபர் பலருக்குப் பகுத்தறிவின் மீதே சந்தேகம் பிறந்திருந்தது. லட்சக்கணக்கானோரைப் பதுங்குகுழிக்கு அனுப்பிய மந்திரிகளும் தளபதிகளும் பேராசிரியர்களும் பகுத்தறிவின் பெயரால்தானே பேசினார்கள்? அந்த அறிவு பொய்யென்றால், மெய் எங்கே இருக்கிறது? கனவில், அடிமனத்தில், தடையின்றிப் பெருகும் சொல்லில் இருக்கிறது என்று ஆந்திரே பிரெத்தோன் என்ற கவிஞர் 1924-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். சர்ரியலிசம் என்ற இயக்கம் அவ்வாறு தோன்றியது. லூயி அரகோன், போல் எலுவார் முதலிய கவிஞர்கள் அதில் சேர்ந்திருந்தார்கள்.

இவர்களை வெறும் கனவுக்காரர்கள் என்று தள்ளிவிடுவது தவறு. 1925-இல் மொரோக்கோவின் ரிஃப் மலைநாட்டார் மீது பிரான்சு நடத்திய யுத்தத்தை இவர்கள் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். 1931-இல் பாரிஸில் காலனிகளின் மகாப் பொருட்காட்சி நடந்தது. ஆசிய, ஆப்பிரிக்க மக்களை வேடிக்கைப் பொருளாக நிறுத்திவைத்த அந்தக் காட்சிக்கு லட்சோப லட்சம் ஜனங்கள் திரண்டார்கள். அப்போது, அங்கே போகாதீர்கள் என்று துண்டுப்பிரசுரம் அச்சிட்டு வழங்கியவர்கள் இந்தச் சர்ரியலிஸ்டுகளே. ஏகாதிபத்திய நாட்டின் தலைநகரில், அந்நாட்டுக் கவிஞர்களே அந்நாட்டுச் சாம்ராஜ்யத்தை எதிர்த்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

எனினும், அரசியல் கட்சியுடன் அவர்களால் ஒத்துப்போக முடியவில்லை. 1927-இல் பிரெத்தோனும் அரகோனும் எலுவாரும் பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார்கள். பிரெத்தோனை எரிவாயுத் தொழிலாளர் கிளையில் சேர்த்து, இத்தாலியின் பொருளாதார நிலைமை பற்றிப் புள்ளிவிவரங்களுடன் அறிக்கை தயாரிக்கும்படி பணித்தார்கள். அது தம்மால் ஆகாதென்று அவர் விலகிவந்தார். கட்சிக்கு ஒழுங்கு வேண்டும், கவிஞனுக்குச் சுயேச்சை வேண்டும் என்ற பூசல் வளர்ந்தது. 1932-இல் அரகோன் நண்பர்களை விட்டுக் கட்சியோடு நின்றார். அடுத்த வருஷம் பிரெத்தோன் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். இந்த இரண்டு பெயர்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இரண்டும் பின்னர் மார்த்தினீக் விஷயத்தில் மீண்டும் வருகின்றன.

ஒரு சொல்லும் ஒரு நூலும்

செசேர் 1931-இல் உபகாரச் சம்பளம் பெற்றுப் பாரிஸுக்குப் படிக்கச் சென்றார். அங்கே செனகல் நாட்டு மாணவரான லெயோபோல் செங்கோரின் நட்பு கிடைத்தது. காலனிப் பள்ளிக்கூடங்களில், நம் மூதாதையர் கோல் இனத்தவர் என்று கறுப்புக் குழந்தைகளையும் மனனம் செய்வித்த காலம் அது. பள்ளி அவர்களுக்குப் பிரெஞ்சு பாஷையை நன்றாகக் கற்பித்தது. தம்மைப் பற்றி வெட்கப்படவும் சேர்த்தே கற்பித்தது. இந்த வெட்கத்தை எதிர்த்துப் புறப்பட்டதே செசேர், செங்கோர், கயானாவைச் சேர்ந்த லெயோன் தமாஸ் ஆகியோரின் இயக்கம். கறுப்பரை இழித்துக் கூற வெள்ளையர் வழங்கிவந்த வசைச்சொல்லையே செசேர் கையிலெடுத்து, அதிலிருந்து 'நேக்ரித்யூத்' என்ற பெயரை உண்டாக்கினார். கறுப்பனாயிருத்தல், அதை ஒளிக்காமல் ஏற்றல் என்பது அதன் பொருள். ஏசுகிறவன் எறிந்த கல்லைக் கொண்டே வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டதுபோல் ஆயிற்று.

தாய்நாட்டுக்குத் திரும்புதலைப் பற்றி அவர் எழுதிய நெடுங்கவிதை 1939-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பாரிஸ் சஞ்சிகை ஒன்றில் வெளியாயிற்று. அதில் தீவின் வறுமையும் நோயும் அழுக்கும் மறைக்கப்படவில்லை. வசனமும் செய்யுளும் கலந்து, வாக்கியங்கள் உடைந்து, சொற்கள் ஒன்றையொன்று மோதி எழுகின்றன. தம்மை அவர் தம் இனத்தாரோடு மட்டும் நிறுத்திக்கொள்ளவில்லை. இம்சைக்குள்ளான யூதரோடும், கல்கத்தா இந்தியரோடும், நியூயார்க் ஹார்லெமில் வாக்கின்றி வாழ்ந்தவரோடும் ஒன்றாக்கிக்கொள்கிறார்.

பாரிஸ் கவிஞர்களுக்குச் சர்ரியலிசம் ஒரு பரிசோதனை. செசேருக்கு அது ஒரு தேவை. பிரெஞ்சுக் கல்வி என்னும் மேற்பூச்சைச் சுரண்டி எடுத்தால், அதன் அடியில் அமுக்கப்பட்ட ஒரு மனிதன் இருக்கிறான். அவனை வெளிக்கொணர ஆட்சியாளனின் ஒழுங்கான வாக்கியம் உதவாது. தாம் தெளிவின்றித் தேடிக்கொண்டிருந்ததைச் சர்ரியலிசம் உறுதிப்படுத்தியது என்றும், அது புதிதாக ஒன்றையும் தமக்கு அருளவில்லை என்றும் செசேர் பிற்காலத்தில் ஒரு பேட்டியில் கூறியிருக்கிறார். அந்நிய நாட்டு இலக்கிய முறையை நகல் செய்வதற்கும் தன் வேலைக்கு ஆயுதமாக்கிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

காகிதம் மறுக்கப்பட்டது

1939-இல் செசேர் ஊர் திரும்பி, தலைநகரான ஃபோர்-தெ-பிரான்சில் ஷெல்ஷேர் உயர்தரப் பள்ளியில் ஆசிரியரானார். பின்னாளில் அல்ஜீரிய விடுதலைப் போருக்குத் தம்மை அர்ப்பணித்த ஃபிரான்ஸ் ஃபனோன் அப்பள்ளியில் பயின்றவர். 1940-இல் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. நாஜிகளுக்குப் பணிந்த விஷி சர்க்காரின் பிரதிநிதியாக அட்மிரல் ரொபேர் தீவை ஆண்டார். அமெரிக்கக் கப்பல்களின் முற்றுகையால் உணவுப் பஞ்சம். துறைமுகத்தில் அடைபட்டுக் கிடந்த பிரெஞ்சு மாலுமிகளின் பகிரங்கமான நிறத்திமிர். இந்த நிலைமையில் 1941 ஏப்ரலில் செசேரும் அவருடைய மனைவி சூசானும் ரெனே மெனில் முதலிய நண்பர்களும் 'த்ரோபீக்' என்ற சிறு சஞ்சிகையைத் தொடங்கினார்கள்.

அதே மாதத்தில் பிரெத்தோன், நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா செல்லும் வழியில் அத்தீவில் இறங்கினார். அதிகாரிகள் முதலில் அவரை முகாமில் அடைத்தார்கள். பிறகு வெளியே வந்தவர், தம் சிறுமகளுக்கு நாடா வாங்க ஒரு கடைக்குள் நுழைந்தார். அங்கே 'த்ரோபீக்' முதல் இதழ் கண்ணில் பட்டது. கடை மெனிலின் சகோதரியுடையது. இருட்டிய உலகில் எல்லோரும் வாய்மூடிக் கிடக்கையில் இப்படியும் ஒரு குரலா என்று அவர் வியந்து, செசேரைத் தேடிச் சென்று கண்டார். பின்னர் அந்த நெடுங்கவிதைக்கு அவரே முன்னுரை எழுதினார்.

'த்ரோபீக்' பத்திரிகையில் வெளிப்படையான அரசியல் தலையங்கம் கிடையாது. கவிதை, தீவின் செடிகொடிகள், நாட்டுக் கதைகள், ஆப்பிரிக்க நாகரிகம் ஆகியவையே இருந்தன. தணிக்கை அதிகாரிகள் அதை உள்ளூர்ப் பழங்கதைச் சஞ்சிகை என்று எண்ணி இரண்டு வருஷம் விட்டுவைத்தார்கள். தென்னையும் நிலவும் சிங்காரியும் நிறைந்த, வெள்ளைப் பயணிகளின் நாவுக்கு இனிக்கும் தீவுக் கவிதையைச் சூசான் செசேர் அதில் கடுமையாகக் கண்டித்தார். ஆளப்படுகிறவன் தன் நாட்டை ஆள்கிறவனின் கண்ணால் பார்த்து ரசிப்பதும் அடிமைத்தனமே என்பது அவர் கருத்து.

கடைசியில் அதிகாரிகள் விழித்துக்கொண்டார்கள். 1943 மே மாதத்தில் தகவல் இலாகாத் தலைவர் பேல் என்னும் கப்பற்படை அதிகாரி, புரட்சி மனப்பான்மையும் இனவெறியும் பிரிவினையும் கொண்ட பத்திரிகை என்று குற்றஞ்சாட்டி, காகிதம் வழங்க மறுத்தார். இரண்டு நாளில் பதில் சென்றது. ஆசிரியர் குழுவினர் எதையும் மறுக்கவில்லை, மன்னிப்பும் கோரவில்லை. எங்கள் இனவெறி ஹைத்தியின் விடுதலை வீரர் தூஸன் லூவெர்த்யூரின் இனவெறி, அது ஹிட்லருடையதை எதிர்ப்பது. புரட்சிக்காரர் என்றால் விக்தர் ஹியூகோவைப் போல. தேசத் துரோகிகள் என்றால் எமில் ஸோலாவைப் போல என்று ஒவ்வொரு பட்டத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆள்வோரின் இலக்கியத்தில் ஆள்வோரே போற்றும் பெயர்களை எடுத்து அவர்கள் முன்னாலேயே வைத்தார்கள். உங்களுடைய பாஷை வேறு, எங்களுடைய பாஷை வேறு. வாதத்துக்கு இடமில்லை என்று முடித்தார்கள்.

விளங்காத கவிதையால் அரசியலுக்கு என்ன லாபம் என்று கேட்போர் இதைச் சிந்திக்க வேண்டும். காகிதத்தைப் பறிக்கும் அளவுக்கு ஒரு சர்க்கார் அஞ்சியது எதற்கு? அந்தப் பத்திரிகையின் பின்னால் படையும் இல்லை, பணமும் இல்லை. படித்த வாலிபர்கள் சிலர் தம்மைப் பற்றி வெட்கப்படுவதை நிறுத்திவிட்டார்கள். காலனி ஆட்சிக்கு அதுவே பெரிய ஆபத்து. அந்த 1943 ஜூலையில் ரொபேர் ஆட்சி கவிழ்ந்தது. 'த்ரோபீக்' மீண்டும் வெளிவந்து 1945 வரை நடந்தது.

கட்சியின் கட்டளை

1945-இல் செசேர் கம்யூனிஸ்டுக் கட்சியின் சார்பில் ஃபோர்-தெ-பிரான்சின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 31. அதே வருஷம் பாரிஸ் சட்டசபைக்கும் சென்றார். மார்த்தினீக் முதலிய பழைய காலனிகளைப் பிரான்சின் சம அந்தஸ்துள்ள மாகாணங்களாக்கிய 1946 மார்ச்சு 19-ஆம் தேதிச் சட்டத்துக்கு அவரே சபையில் பொறுப்பேற்று அறிக்கை சமர்ப்பித்தார். சம உரிமை வந்தால் கூலியும் மருத்துவமும் ஓய்வூதியமும் சமமாகும், தோட்ட முதலாளிகளின் பிடி தளரும் என்பது நம்பிக்கை. சட்டம் வந்தது, சமத்துவம் வரவில்லை. பாரிஸிலிருந்து உத்தியோகஸ்தர் வந்தார்கள். சமூகச் சட்டங்கள் வருஷக்கணக்கில் தாமதித்தன.

ஏமாற்றம் அவரை மேலும் கூர்மையாக்கியது. 1950-இல் அவர் எழுதிய காலனி ஆட்சி பற்றிய கண்டனம் உலகெங்கும் பரவியது. அல்ஜீரிய அரபியருக்கும் இந்தியக் கூலிகளுக்கும் ஆப்பிரிக்கக் கறுப்பருக்கும் என்று ஒதுக்கிவைத்திருந்த கொடுமைகளை ஹிட்லர் ஐரோப்பாவிலேயே பிரயோகித்ததுதான் ஐரோப்பியரால் பொறுக்க முடியாததாயிற்று என்று அதில் அவர் வாதித்தார்.

இந்தக் கட்டத்தில்தான் அரகோன் மறுபடி வருகிறார். ஒருகாலத்தில் யாப்பை உடைத்தவர், இப்போது கட்சியின் இலக்கியப் பத்திரிகைக்கு அதிபர். கவிஞர்கள் பிரெஞ்சு நாட்டின் பழைய யாப்புக்குத் திரும்ப வேண்டும், அதுவே ஜனங்களின் தேசியக் கவிதை என்று அவர் உபதேசித்தார். ஹைத்தி நாட்டுக் கம்யூனிஸ்டுக் கவிஞர் ரெனே தெபெஸ்த்ர் 1955-இல் அதைப் பகிரங்கமாக ஏற்றுக்கொண்டார். கறுப்பர் குடியரசின் புதல்வன், பாரிஸ் கட்சிக் காரியாலயத்தின் உத்தரவுக்காகப் பதினான்கடிச் செய்யுளுக்குத் திரும்புவதா? செசேர் அவருக்கு ஒரு கவிதையாலேயே பதில் சொன்னார். தோட்டத்திலிருந்து தப்பிக் காட்டுக்குள் ஓடி, அங்கே சுதந்திரமாய் வாழ்ந்த அடிமைகளை அத்தீவுகளில் மரூன்கள் என்பார்கள். நண்பா, நாமும் அவ்விதம் தப்பி ஓடுவோம் வா என்பதே அக்கவிதையின் அழைப்பு.

சீர் கணக்கைப் பற்றிய சிறு சண்டை என்று இதை எண்ணிவிடக் கூடாது. உன் கவிதை எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமையைக் கட்சிக்கு விட்டுக்கொடுத்தால், உன் நாட்டின் விடுதலை எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமையையும் விட்டுக்கொடுத்தவனாவாய். ஒரு வருஷத்துக்குள் இது நிரூபணமாயிற்று. 1956 மார்ச்சில், அல்ஜீரியாவை ஒடுக்கச் சர்க்காருக்கு விசேஷ அதிகாரம் அளிக்கும் மசோதாவுக்குப் பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுக் கட்சி ஆதரவாக வாக்களித்தது. ஸ்டாலின் காலத்துக் கொடுமைகள் மாஸ்கோவிலேயே அம்பலமான பிறகும் அது வாய் திறக்கத் தயங்கியது. 1956 அக்டோபர் 24-ஆம் தேதி செசேர், கட்சித் தலைவர் மோரிஸ் தொரேஸுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி ராஜிநாமாச் செய்தார். கறுப்பு மக்கள் கொள்கைக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்பதல்ல, கொள்கைதான் கறுப்பு மக்களுக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். தன் குறுகிய வட்டத்துக்குள் அடைபட்டும் மனிதன் தன்னை இழக்கலாம், உலகப் பொது என்னும் வெறுமையில் கரைந்தும் இழக்கலாம் என்று அவர் எச்சரித்தார். 1958-இல் மார்த்தினீக்குக்கென்றே தனிக் கட்சி கண்டார்.

எதிர்வாதங்கள்

இவ்வளவு பேசிய கவிஞர் தம் நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கித் தந்தாரா என்று தேசபக்தர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாங்கித் தரவில்லை. அவர் கோரியது சுயாட்சி. அதுவும் முழுமையாகக் கிட்டவில்லை. மார்த்தினீக் இன்றும் பிரான்சின் பகுதியே. அவர் காலமானது 2008-இல். 2010 ஜனவரியில் நடந்த வாக்கெடுப்பிலும் மக்களில் பெரும்பாலோர் கூடுதல் சுயாட்சியை நிராகரித்தார்கள். சலுகைகள் பறிபோகும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. மனவிலங்கை உடைப்பது ஒரு வேலை. சோற்றுக்கு அந்நியனை எதிர்பார்க்கும் பொருளாதார விலங்கை உடைப்பது வேறு வேலை. முதலாவதைக் கவிதை செய்யும். இரண்டாவதைக் கவிதை தனியே செய்யாது.

வேறொரு குறையும் சொல்லப்பட்டது. 1989-இல் மார்த்தினீக் எழுத்தாளர் மூவர், தாங்கள் செசேரின் புதல்வர்களே என்று ஒப்புக்கொண்டபடியே, தீவின் வீட்டு பாஷையான கிரியோலை அவர் ஒதுக்கினார் என்றும், ஆப்பிரிக்காவையே நோக்கியதால் தீவில் கலந்துவிட்ட பிற இனத்தார் மறைந்துபோனார்கள் என்றும் எழுதினார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் சென்றவர்களின் சந்ததியாரும் அப்படி மறைந்தவர்களே. இக்குறை உண்மையானது. ஆனால், தந்தை திறந்த கதவின் வழியே வந்துதான் புதல்வர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செசேர் அரசியலை விட்டு ஓடவில்லை. 2001 வரை, 56 வருஷம், அந்நகரின் மேயராக இருந்து குடிநீருக்கும் குடியிருப்புக்கும் மனு வாங்கிக்கொண்டிருந்தார். கட்சி ஒழுங்கையும் பதினோரு வருஷம் ஏற்றார். கூட்டத்துக்குப் போனார், வாக்குக் கேட்டார், சபையில் பேசினார். அவர் கட்சிக்குக் கொடுக்க மறுத்தது ஒன்றே ஒன்று: எப்படி எழுதுவது, எதை உண்மையென்று காண்பது என்ற தீர்ப்பு. எழுத்தாளனிடம் கட்சி உழைப்பைக் கேட்கலாம். அந்தத் தீர்ப்பைக் கேட்கக் கூடாது என்பது நமது துணிபு.

எழுத்தாளர்களுக்கும் இதில் சொல்ல வேண்டியது உண்டு. வடிவத்தை உடைத்துவிட்டதனாலேயே ஒருவன் புரட்சிக்காரனாகிவிட மாட்டான். யாப்பை உடைத்த அரகோனே பின்னர் யாப்பைக் கட்டளையாக்கினார். எதை உடைக்க வேண்டியிருக்கிறது, யாருக்காக என்ற கேள்விக்குப் பதில் தம் ஜனங்களின் வாழ்விலிருந்து கிடைத்தபோதுதான் செசேரின் புதுமைக்கு அர்த்தம் உண்டாயிற்று. அந்தக் கேள்வியைக் கேட்காத புதுமை, கடைத்தெருவில் மாறும் துணி நாகரிகம்போல் வந்து போகும்.

அரசியல் ஊழியர்களை நாம் வேண்டிக்கொள்வது இது: உங்களுக்கு விளங்காத ஒரு சிறு சஞ்சிகை உங்கள் ஊரில் நூறு பிரதி அச்சாகிறதென்றால், அதைப் பரிகசிக்குமுன் ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள். மார்த்தினீக்கில் அப்படிப்பட்ட ஒரு பத்திரிகையின் பொருளைத் தணிக்கை அதிகாரி உணர்ந்துகொள்ள இரண்டு வருஷம் ஆயிற்று. விடுதலையை விரும்புகிறவர்கள் அவனைவிடத் தாமதிப்பது அழகல்ல.